ஆறு மணி வரை

“இவருக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க. இருந்தா வாயைத் திறந்து சொல்லியிருப்பாரே” என்றாள் வக்கீலின் மனைவி, தங்கள் பையனுக்குப் பெண் கேட்டு வந்திருந்த தம்பதியிடம்.

சோபாவில் சம்மணமிட்டிருந்த வக்கீலின் மூக்கு விடைத்தது. மணி ஐந்து பத்து. மௌன விரதத்தின் இருபத்தொன்றாம் நாள், கடைசி நாள். சரியாக ஆறுக்கு முடிகிறது.

ஓராண்டுக்கு முன் மகள் ஒருவனை விரும்புவதாகச் சொன்ன அன்றே அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். “அவன் பேரு, தொழில் எதுவும் என் காதுல விழக்கூடாது. அவன் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்.” அந்த வீட்டில் வாதி, பிரதிவாதி, நீதிபதி மூவரும் அவரே. கத்திக் கத்தி ரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம்.

கோர்ட் விடுமுறை விட்டதும் மனைவிதான் ஒரு யோகா வகுப்பைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டாள். மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஆசனமெல்லாம் அப்புறம் சார். உங்க நோய் வாயிலதான் இருக்கு” என்றார். பேசக்கூடாது, எழுதக்கூடாது, சைகை கூடாது, புன்னகை மாறக்கூடாது. ஒரு சொல் உதிர்ந்தாலும் மறுபடி முதல் நாளிலிருந்து.

வக்கீல் இதை ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டுத்தான் வாயை மூடினார். வக்கீல்கள் சங்கத்தில் நாளை ‘மௌனத்தின் மகத்துவம்’ பற்றி ஒன்றரை மணி நேரம் பேசப்போவதாக அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. இப்போது வாயைத் திறந்தால், நாளை எந்த வாயால் அதைப் பேசுவது?

“எவ்வளவு சாந்தமான மனுஷர். எங்க பையன் வீணா பயமுறுத்திட்டான்” என்று வியந்தார் பையனின் அப்பா.

வக்கீலின் காது சிவந்தது. புன்னகை மாறவில்லை.

“அப்பா, மோதிரத்தை இன்னிக்கே மாத்திக்கலாமா? வேண்டாம்னா ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள் மகள்.

வாய் பாதி திறந்தது.

“இருபது நாள் பட்ட பாடு வீணாப் போயிடுமேங்க” என்று மனைவி கவலையோடு நினைவூட்டினாள். வாய் மூடிக்கொண்டது. நாலு எண்ணி மூச்சை இழுத்தார், விடத்தான் மறந்துவிட்டார்.

“மௌனம் சம்மதம்னு சும்மாவா சொன்னாங்க” என்று பையனின் அம்மா மோதிரப் பெட்டியைத் திறந்தாள். சீக்கிரம் ஆகட்டும், ஆறு மணிக்கு மேல் நேரம் சரியில்லை என்று அவசரப்படுத்தினாள் வக்கீலின் மனைவி. வண்டியை நிறுத்தப் போன பையன் இதோ வந்துவிடுவான் என்றார் அவன் அப்பா.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

“மூச்சை மெதுவா வெளிய விடுங்க சார்” என்றபடி உள்ளே வந்தது, அவருக்கு நன்றாகப் பழகிய குரல். “இனிமே வகுப்புல மட்டும் என்னை மாஸ்டர்னு கூப்பிட்டாப் போதும், மாமா.”