கீச்சிடாத பெல்ட்

அன்று கொட்டகையில் இருந்தவர்கள் லாரிக்காரர், அவர் மனைவி, மைத்துனன், முட்டி வலியால் ஒரு வருடமாக நடக்காத அப்பா. அப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்தது லாரிக்காரர்தான். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே மெச்சும்.

லாரிகள் ஓயாத தெரு அது. அவருடைய பழைய டீசல் எஞ்சினின் மூன்று பெல்ட்டுகளும் போடும் கீச்சலை வைத்தே அவர் வருவதைச் சொல்லிவிடலாம். இப்போது மூன்றையும் கழற்றிவிட்டு, எல்லாப் புல்லிகளையும் வளைந்து சுற்றும் ஒரே நீளப் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பழசையே மாட்டுடா," என்றார் அப்பா.

"இது மூச்சுக்கூட விடாதுப்பா."

"அதான் வேணாங்கறேன்."

"ஆளுங்க ஒதுங்கறதுக்காவது சத்தம் வேணும் மாமா," என்றான் மைத்துனன். மனைவியும் தலையாட்டினாள்.

தன் கைவேலையில் வீட்டிலேயே நம்பிக்கை இல்லையே என்று லாரிக்காரருக்கு ரோஷம் வந்தது. மாட்டியே தீர்த்தார். அப்பாவைக் கூடத்தில் இறக்கிவிட்டுச் சரக்கு ஏற்றப் போனவர், சரக்கு வராததால் பாதியிலேயே திரும்பினார். பெல்ட் முனகவே இல்லை. அதைச் சொல்லிப் பெருமைப்படப் படியேறியவர், ஜன்னலோரம் நின்றுவிட்டார்.

உள்ளே அப்பா துள்ளித் துள்ளி இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார். மைத்துனனுக்கு மூச்சு வாங்கியது. மனைவி புள்ளி எண்ணினாள்.

மானமுள்ள குடும்பம். லாரிக்காரர் படியிறங்கிப் போய் லாரியைத் தெருமுனைவரை பின்னுக்கு எடுத்து, நீளமாக ஹாரன் அடித்தபடி மறுபடி வந்தார்.

அப்பா நாற்காலியில் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, இப்படி வேர்க்குது?"

"வலிடா."

இப்போதெல்லாம் அவர் தெருமுனையிலேயே ஹாரன் அடிப்பதால், லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. அப்பா நாற்காலியில் போய் உட்கார அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது.