மேகத்தைப் பார்த்த சோலார் பலகை

ஒரு கோழிப்பண்ணையில் புகை கக்கிக்கொண்டிருந்த டீசல் இன்ஜினுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, கூரைமேல் சோலார் பலகையை ஏற்றினார்கள். யார் கரண்ட் கேட்டாலும், "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று அள்ளிக் கொடுக்கும் அது. அந்தத் தெம்பில் கிணற்று மோட்டார் தென்னைகளுக்குத் தண்ணீர் இறைத்தது. அடைகாக்கும் பெட்டி முட்டைகளுக்குச் சூடு கொடுத்தது.

முட்டை வைத்த இருபத்தோராம் நாள், அவற்றில் கீறல் விழத் தொடங்கிய நேரத்தில், மேற்கே கருமேகம் திரண்டு வருவதைப் பலகை பார்த்துவிட்டது. இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாததால், குறைந்துகொண்டே வந்த கரண்டை இருவருக்கும் பங்கு போட்டுக்கொண்டே இருந்தது.

"ஏய் பலகை, சூடு இறங்குதே! குஞ்சுங்க வெறைச்சுப் போயிடும்!" என்று பெட்டி பதறியது.

பலகை வாய்க்குள்ளேயே முனகியது. "மோட்டார் அண்ணே... மேகம் மூடுது. இனி ஒருத்தருக்குத்தான் என்னால குடுக்க முடியும்."

"அட, இதைச் சொல்லவா இந்தத் தவிப்பு? தென்னை நாளைக்குக் குடிக்கும். குஞ்சு நாளைக்கு வரைக்கும் தாங்குமா?" என்று மோட்டார் அப்போதே நின்றது.

பெட்டியில் சூடு ஏறியது. ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சுகள் கீச்சுகீச்சென்று வந்தன. வெளியே மழை கொட்டியது.

சொட்டச் சொட்ட நனைந்து நின்ற தென்னைகளைப் பார்த்துவிட்டு, மோட்டார் பலகையிடம் சொல்லிச் சிரித்தது.

"என் வேலையையும் சேர்த்து உன் மேகமே முடிச்சிடுச்சு, போ!"