வாசித்துவிட்டு

அழகு நிலையம் நடத்தும் ஜெசிந்தா, வரிக் கணக்கில் வந்த தவறு தன்னுடையதல்ல, அபராதம் வேண்டாம் என்று வரி அலுவலகத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"கணக்கு போட்டது யாரா இருந்தா என்னம்மா? கையெழுத்து உங்களுது. பொறுப்பும் உங்களுதுதான்" என்றார் அதிகாரி.

அப்போது, கூலி வாங்கி அவள் கணக்கை எழுதித் தந்த நயினார் அழைக்காமலே உள்ளே வந்தார்.

"கடை வாடகைய ரெண்டு தடவ கழிச்சது நான் சார். அவங்க வாசிக்கணும்னாங்க, நான்தான் அவசரப்படுத்தினேன்."

"வரியை அவங்கதான் கட்டணும். இதை எழுதிக் கொடுங்க, அபராதத்தைத் தள்ளுபடி பண்ண மேலே கேட்டுப் பாக்கிறேன்."

நயினார் அங்கேயே உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதினார். இனி இவர் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வந்திருந்த ஜெசிந்தா, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"குடுங்க அண்ணாச்சி. இந்தத் தடவ நான் வாசிச்சிட்டுத் தாரேன்."