மாடில்லாத வண்டி

நின்றுவிடு, நின்றுவிடு என்று அவள் மோட்டார் வண்டியை மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

அது நிற்பதாகத் தெரியவில்லை. இத்தாலியிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கி இன்னும் இருபது நாள் ஆகவில்லை. புது மிடுக்கு. பித்தளை விளக்கும் சங்கிலிச் சத்தமுமாக, கோழி, ஆடு, மனிதர் எல்லாரையும் ஓரங்கட்டிவிட்டு ஓடியது.

முன்னால் ஓட்டுபவரும் கணவரும். பின்னால் அவள் மட்டும்.

மாசித் திருவிழாவுக்கு வருஷாவருஷம் வில்வண்டியில்தான் திருச்செந்தூர் போவார்கள். வழியில் ஆற்றங்கரைச் சத்திரத்தில் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவார்கள். கணவர் குளிக்க இறங்குவார். அந்த அரைமணி நேரம் அவளுக்கும் தங்கை சங்கரவடிவுக்கும்.

தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் அது. ஆனால் தங்கை வீட்டு வாசலை அவள் மிதிக்க முடியாது. ஒரு கல்யாணத்தில் சந்தனக் கிண்ணத்தை யாருக்கு முதலில் நீட்டினார்கள் என்று இரண்டு வீட்டு ஆண்களும் முறுக்கிக்கொண்டு ஆறு வருஷமாகிறது. பெண்களை யார் கேட்டார்கள்?

வருஷத்துக்கு அரைமணி நேரம். அதுவும் மாடுகள் புண்ணியத்தில்.

மோட்டார் வந்த அன்று ஊரே தேங்காய் உடைத்தது. அவளும்தான் ஆரத்தி எடுத்தாள். இன்று காலை, வில்வண்டி வேண்டாம் என்று கணவர் சொன்னபோதுதான் சத்திரம் நினைவுக்கு வந்தது. தங்கைக்குச் சொல்லியனுப்ப ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

"ஏங்க, இதுக்குத் தண்ணி காட்ட வேண்டாமா? அனலா அடிக்கே" என்று கேட்டுப் பார்த்தாள்.

கணவர் சிரித்தார்.

"ஏளா, இது என்ன மாடா? பாளையங்கோட்டையிலயே ஊத்தியாச்சு. இனி முருகன் வாசல்லதான் நிக்கும்."

மருத மரங்கள் தெரிந்தன. அப்புறம் சத்திரம்.

இடுப்பில் குடத்தோடு தங்கை நின்றிருந்தாள். உச்சிவேளைக்கு வரும் மாடுகளுக்கு இப்போதே வந்து காத்திருக்கிறாள்.

வயிறு மேடிட்டிருந்தது.

போன மாசியில் அக்காவின் தோளில் சாய்ந்து இதற்காகத்தான் அழுதாள்.

"வடிவூ!"

கணவர் முன்னால் அவள் குரல் உயர்ந்தது அன்றுதான். அந்த நேரம் பார்த்து ஓட்டுபவர் ஹாரனின் ரப்பர் பந்தை அமுக்கினார். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மோட்டாரைக் கண்டு மிரண்டு சங்கரவடிவு ஓரமாக ஒதுங்கினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கடந்துவிட்டது.

அவள் இருக்கையில் மண்டியிட்டுத் திரும்பிப் பார்த்தாள். புழுதி மெல்ல விலகியது.

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பாதைக்கு வந்து நின்றாள். மோட்டாருக்கு முதுகைக் காட்டியபடி, மேற்கே, மாட்டு மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு.

பிடிவாதக்காரி. வண்டி வராமல் வீட்டுக்குப் போகமாட்டாள்.