ரெண்டு தட்டு

வரிசையா மூணாவது ஆட்டமும் தோத்ததும் லோவ்ரேவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"மாப்ள, குளிர்காலம் பூரா என்கிட்ட ஒரு பிரிஷ்குலா ஆட்டம் ஜெயிச்சிருக்கியாடா நீ? இன்னிக்கு என்ன, சீட்டு உன் காதுல வந்து ரகசியம் சொல்லுதா?"

"மூளை இருக்கிறவன் ஜெயிப்பான்"னான் பேப்போ.

"உன் மூளைலதான் போன வருஷம் அடைப்பு வந்து ஸ்ப்ளிட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோமே!"

பேப்போ சிரிச்சான். பக்கவாதத்துக்கப்புறம் இடது கை அசையும், ஆனா தொட்டா ஒண்ணும் தெரியாது. மத்தி சுடும்போது விரல் கருகினதே, நாத்தம் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. தூண்டில் கயிறு இழுக்கிறது தெரியாதவன் கடலுக்குப் போய் என்ன பண்ண? படகு கரையில கவுந்து கிடக்கு.

"கை நல்லாத்தான் இருக்கு. அது அனுப்புற சேதியை மூளைதான் வாங்க மாட்டேங்குது. தினமும் தொட்டுப் பழக்குங்க, அவரும் கவனிக்கணும்"னார் டாக்டர்.

"துணி வச்சுத் தேய்க்க நான் என்ன சட்டியா?"ன்னு பேப்போ ரெண்டே நாள்ல வைத்தியத்தை விட்டு ஓடி வந்துட்டான்.

நாலாவது ஆட்டம். லோவ்ரே கையில துருப்பு ஏஸ். பதட்டத்துல வேற ஒரு சீட்டு நழுவிக் கீழ விழ, குனிஞ்சான்.

பேப்போ பக்கத்துல உக்காந்திருந்த தங்கச்சி டோங்கா, மேஜைக்கடியில புருஷன் கையைப் பிடிச்சு ரெண்டு தட்டு தட்டினா.

லோவ்ரே சட்டுன்னு திரும்பினான். முதுகுக்குப் பின்னாடி கண்ணாடி அலமாரி. அவன் சீட்டெல்லாம் அதுல பளிச்சுன்னு தெரியுது!

"அடிப்பாவி! கூடப் பொறந்தவனையேவா? ரெண்டு தட்டுன்னா என்னடி?"

"உன்கிட்ட ஏஸ் இருக்குன்னு அர்த்தம்ணே."

"வெக்கமாயில்ல? எத்தன நாளா நடக்குது?"

"நவம்பர்லேருந்து."

"புளுகாத! நவம்பர்லேருந்து இவன் தோத்துக்கிட்டுல்ல இருந்தான்?"

"நான் தட்டிக்கிட்டேதான் இருந்தேன், இவருக்குத் தெரிஞ்சாத்தானே! வைத்தியம்னா ஓடுறாரு. 'வாங்க, அண்ணனை ஏமாத்தலாம்'னேன். புத்தி மொத்தமும் அந்தக் கையில வந்து உக்காந்துக்கிச்சு."

லோவ்ரே மறுபடியும் குனிஞ்சு பார்த்தான்.

இடது கை.

"கையுறை மேல எறும்பு ஊர்ற மாதிரி..." பேப்போ அந்தக் கையைத் தூக்கிக் காட்டினான். "இன்னிக்குத்தான் தெரியுது மச்சான்."

லோவ்ரே மூக்கை உறிஞ்சினான். சீட்டு மொத்தத்தையும் வாரிக் கலைச்சான். மறுபடி ஆளுக்கு மூணு போட்டான்.

"இன்னொரு ஆட்டம்டா மாப்ள. ஏய் டோங்கா, இந்தத் தடவ கொஞ்சம் மெதுவாத் தட்டு!"