பின்தங்கிய நகல்

ஆஸ்பத்திரியின் மெயின் சர்வர் படுத்துவிட்டது. வெளியே வரிசை கொதித்தது.

"நகல் சர்வர் இருக்குல்ல? அதுக்கு மாத்தும்மா!" என்று குதித்தார் மேனேஜர்.

"மாட்டேன் சார்" என்றாள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள். "நகல் பின்தங்கியிருக்கு. காலைல சேர்ந்தவங்களுக்கு எந்த மருந்து ஆகாதுன்னு பதிஞ்சது எதுவும் அதுல இல்ல."

"உன் வீட்டு ஆளு வெளிய காத்துக்கிடந்தா இப்படிப் பேசுவியா?"

"பேசுவேன்."

மெயின் சர்வரையே மல்லுக்கட்டி எழுப்பினாள். ஒரு பதிவும் தொலையவில்லை.

கவுன்ட்டரில் முதல் பெயரைக் கூப்பிட்டதும், கை வீங்கிய சிறுமியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் எழுந்தான். கண்ணாடிக் கதவு வழியே இவளைப் பார்த்துவிட்ட குழந்தை, "அம்மா!" என்று வீறிட்டது.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா, பாவம் பார்த்து நீங்களே மாத்தியிருப்பீங்க சார்" என்றபடி மகளிடம் ஓடினாள்.