நேரே ஊதுகிற மனுசன்

இராஜசிங்கம் தன் ரெக்கோடர் குழலைக் கமக்கட்டுச் சூட்டுக்குள் செருகிக்கொண்டு கோப்பி குடித்தார். மர வாத்தியம், சூடேற்றாமல் ஊதினால் உள்ளே நீர் கட்டிவிடும்.

“காய்ச்சல் எவ்வளவாம்?” என்றாள் கஜலக்சுமி.

சுவிஸின் ஷாஃப்ஹவுசனில், பழைய ஐரோப்பிய இசை வாசிக்கிற ஒரு சின்ன பரோக் குழு. அதில் புருசன் நேரே ஊதுவார், பெண்சாதி குறுக்கே பிடித்து ஊதுவாள். பிள்ளைகள் வளர்ந்து போனபிறகு வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே சண்டை அது.

ரெக்கோடர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாமான் என்பது அவள் கட்சி. எவர் ஊதினாலும் சத்தம் வரும். கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. குறுக்குக் குழலுக்கோ உதடு வேண்டும். உதட்டைக் கொஞ்சம் திருப்பினால் கெஞ்சும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் சீறும்.

“அந்தக் காலத்து ஒப்பராவில ஆராவது செத்தால் என்னைத்தான் கூப்பிடுவாங்கள். உம்மை இல்லை,” என்றார் அவர்.

“சரி, நான் சாகேக்க உங்களைக் கூப்பிடுறன். இப்ப சப்பாத்தைப் போடுங்கோ.”

சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

தகனசாலை மண்டபத்தில் ஐயர் முடித்ததும் கஜலக்சுமி தன் குழலோடு எழுந்தாள். பெண்சாதி நின்று குழல் ஊதுவதா என்று உறவுக்காரர் முதல்நாளே முகம் சுளித்திருந்தார்கள். அவருக்குப் பிடித்த மெட்டு ஒன்று இருந்தது. அது இல்லாமல் அவரை நெருப்புக்குள் விடுவதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஊதினாள். காற்றுத்தான் வந்தது.

மறுபடியும் ஊதினாள். உதடு நடுங்கியது. தண்ணீர் வற்றிய கேத்தல் மாதிரி ஒரு சீறல். சனம் நிலத்தைப் பார்த்தது. வாசலில் நின்ற ஊழியர் மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த பெட்டி வெளியே காத்திருந்தது.

அவள் குழலைக் கதிரையில் போட்டாள். நேரே போய்ப் பெட்டிக்குள் கையை விட்டு, காலையில் தானே அவர் நெஞ்சில் வைத்த ரெக்கோடரை உருவி எடுத்தாள்.

“ஐயோ மச்சாள், பிணத்திட்டயிருந்து எடுத்து வாயில வைக்கிறதோ!” இராஜசிங்கத்தின் தங்கை சுகந்தி அலறினாள்.

உதடு நடுங்குவதைப் பற்றி ரெக்கோடருக்கு அக்கறையில்லை. முதல் மூச்சிலேயே பேசியது. மரம் குளிர்ந்து கிடந்ததால் சுருதி இறங்கியிருந்தது. கூடாமல் குறையாமல், ஒரே சீராக, மெட்டு முழுவதும் வந்தது.

இடையில் அவளுடைய மேலுதட்டில் ஏதோ தட்டுப்பட்டது.

ஊதுவாயில் இரண்டு முன்பற்களின் பள்ளம். கடிக்காமல் ஊதும்படி குழுவில் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள்; இந்த மனுசன் ஒருநாளும் கேட்டதில்லை.